காலி என்று நான் வரைந்த இடம்

தங்கம் பெரியம்மா செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். கையில், முதல் நாள் கோயில் கதவில் நான் ஒட்டியிருந்த தாள். அதன் நான்கு மூலையிலும் கதவின் நீலப் பெயிண்ட் கொஞ்சம் உரிந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது.

“பாப்பா, இத நீதான் போட்டியா?”

“ஆமா பெரியம்மா. ஏன் பிச்சிக்கிட்டு வந்தீங்க? ஃபாதர் தேடப்போறாரு.”

“தேடட்டும். கறுப்பு கறுப்பா இருக்குறதெல்லாம் என்ன?”

“ஆளப் பொதச்ச எடம். நம்பர் போட்டு, கீழ பேரு போட்டிருக்கேன்.”

“வெள்ளையா இருக்குறது?”

“காலி எடம். அங்கதான் புதுசா கான்கிரீட் கல்லறை கட்டப்போறாங்க.”

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் படம் புரிந்தது. தாளை எங்கள் வீட்டுத் தரையில் விரித்து, வாய்க்கால் எந்தப் பக்கம் என்று பார்த்து அதைத் திருப்பி வைத்துக்கொண்டார். பிறகு வடக்கு ஓரத்தில் ஒரு வெள்ளைக் கட்டத்தின் மேல் விரலை வைத்தார். உளுந்து வயலிலிருந்து நேரே வந்திருந்ததால் நகத்தில் மண் இருந்தது.

“இங்க எம்புள்ள இருக்கானே பாப்பா.”

அதற்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளத் தோன்றுகிறது. “லிஸ்ட்ல பேரு இல்லையே பெரியம்மா” என்றேன்.

இந்தத் தொடரில் இரண்டு வாரமாக இந்த அத்தியாயத்தைத் தள்ளிப்போட்டு, விடுதிச் சாப்பாடு, சென்னை பஸ் என்று வேறு கதைகளைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளிப்போட முடியாது.

ஐந்து விவரங்கள்

கம்ப்யூட்டரை நான் முதன்முதலில் தொட்டது தஞ்சாவூரில், பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து மாடி ஒன்றில். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். குளிர்சாதன அறை, கண்ணாடிக் கதவு, கோயிலில்கூட இல்லாத அமைதி. நாங்கள் நாலைந்து பேர் ஒரு பெட்டியின் முன்னால் உட்கார்ந்து, ஒருவர் தட்ட மற்றவர்கள் பார்ப்போம். வெளிநாடு போகலாம் என்று அந்த மாடியில் எல்லோரும் பேசினார்கள். எந்த நாடு என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

அப்பா பள்ளிக்கூட வாத்தியார். எங்கள் தெருவில் பிறர் வயலில் இறங்காத முதல் ஆண்பிள்ளை. அம்மா கல்யாணத்துக்குப் பிறகும் பல வருடம் நடவுக்குப் போனவர். நான் அவர்களுக்கு ஒரே பிள்ளை என்பதால், மடியில் தவறி விழுந்த கலெக்டர் போல வளர்ந்தேன். எல்லாவற்றிலும் சரி பார்ப்பேன். ரசத்தில் உப்பைக்கூடக் கரண்டி அளவில் கேட்பேன்.

சென்னையில் கிடைத்த வேலை இந்தக் குணத்துக்குப் பொருத்தமாக அமைந்தது. ரத்தப் பரிசோதனை நிலையங்களுக்கு முடிவுத் தாள் அச்சடிக்கும் மென்பொருள். தாளில் எங்கே கோடு, எங்கே கட்டம், எந்த எண்ணைச் சுற்றிக் கட்டம் வரவேண்டும் என்பதெல்லாம் என் பொறுப்பு.

கட்டம் வரைய ஒரு ஃபங்ஷன், அதாவது கம்ப்யூட்டருக்கு இடும் ஒரு கட்டளை, உண்டு. அதற்கு ஐந்து விவரம் கொடுக்கவேண்டும். தாளின் இடது ஓரத்திலிருந்து எவ்வளவு தூரம், மேலிருந்து எவ்வளவு தூரம், அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு. எல்லாம் மில்லிமீட்டரில். ஐந்தாவது ஒரே ஓர் எழுத்து. அந்த எழுத்தைக் கொடுத்தால் கட்டத்துக்குள் நிறம் நிரம்பும். கொடுக்காமல் விட்டால் கேள்வி கேட்காது, வெறும் கோட்டை மட்டும் போட்டுவிட்டுப் போய்விடும்.

இதைக் கற்றுக்கொண்ட புதிதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. நான்கு எண்ணைத் தட்டினால் வெள்ளைத் தாளில் நான் சொன்ன இடத்தில், மயிரிழை பிசகாமல் ஒரு கட்டம் வந்து உட்காரும். வீட்டில் யாரும் நான் சொன்னதை அப்படிக் கேட்டதில்லை.

டேப்பின் மறுமுனை

அமெரிக்காவில் வேலை உறுதியாகி, விசாவுக்காக ஊரில் காத்திருந்த மாதங்கள் அவை. தவக்காலம் தொடங்கியிருந்தது. சம்பா அறுவடை முடிந்து, வயலெல்லாம் உளுந்து பச்சை. வாய்க்காலில் தண்ணீர் நின்று, அடியில் சேறு வெடித்துக்கொண்டிருந்தது.

எங்கள் கல்லறைத் தோட்டம் வாய்க்காலை ஒட்டியது. ஐப்பசி கார்த்திகையில் இரண்டடி தோண்டினாலே குழியில் தண்ணீர் ஊறிவிடும். பெட்டியை இறக்கினால் மிதக்கும், ஆட்கள் கழியால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு மண் தள்ளுவார்கள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருந்த பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி பொறுக்கவில்லை. பெற்றவர்களுக்கு கான்கிரீட் கல்லறை வேண்டும் என்று பங்குச் சாமியாரிடம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

சாமியார் வேதாரண்யம் பக்கத்துக்காரர், இளைஞர், நல்ல மனிதர். “எங்க காலி இருக்குன்னு ஒரு பேப்பர்ல காட்டிட்டீங்கன்னா போதும்மா, கோடை மழைக்கு முன்னாடி வேலைய முடிச்சிடலாம்” என்றார். எனக்கும் பொழுது போகவேண்டியிருந்தது.

கொத்தனார் ஒருவரிடம் முப்பது மீட்டர் டேப்பை இரவல் வாங்கினேன். ஒரு முனை என்னிடம், மறுமுனை அம்மாவிடம். கல் இருக்கும் இடத்தையெல்லாம் அளந்து, கல்லில் இருந்த பெயரை எழுதிக்கொண்டேன். கல் இல்லாத மண்மேடுகளுக்குக் கோயில் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கண்டுபிடித்தேன். முதலில் அளந்தது அப்பாவுடையது. அவர் போய் மூன்று வருடம் ஆகியிருந்தது.

வடக்கு ஓரத்துக்கு வந்தபோது அங்கே கல்லும் இல்லை, மேடும் இல்லை. புல்தான். பதிவேட்டிலும் ஒன்றுமில்லை. அம்மா டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி ஒதுங்கி நின்றார். “டேப்பு வளையுதும்மா, நேரா நில்லு” என்று கத்தினேன். அவர் ஒரு காலை மட்டும் எடுத்து வைத்தார்.

சென்னையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய கம்ப்யூட்டரும் பிரின்டரும் நெல் மூட்டை அறையில் இருந்தன. ஒரு மீட்டருக்கு ஐந்து மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். பெயர் இருந்தால் அந்த ஐந்தாவது எழுத்தைக் கொடு, இல்லையென்றால் விட்டுவிடு என்று நிரலில் எழுதினேன். மொத்தமே இரண்டு வரி. பெயரில்லாத வடக்கு ஓரத்தைப் பத்தாகப் பிரித்துக் கொடுத்தேன், பத்து வெள்ளைக் கட்டங்கள் அழகாக வரிசையில் வந்தன. சாமியார் தாளைப் பார்த்து, “பத்துப் பேருக்கு எடம் கெடச்சிடுச்சே” என்று சந்தோஷப்பட்டார். ஞாயிறு காலை அதைக் கோயில் கதவில் ஒட்டினேன். தோண்டுவதற்குப் புதன்கிழமை பொக்லைன் வருவதாக ஏற்பாடு.

திங்கட்கிழமை தங்கம் பெரியம்மா வந்தார்.

பதினொரு தப்படி

அவருடைய பிள்ளை பிறந்து ஒரு பகல்கூட இருக்கவில்லை. ஞானஸ்நானம் கொடுக்க உபதேசியார் வருவதற்குள் போய்விட்டது. அந்தக் காலத்தில் அப்படிப் போன குழந்தைக்குப் பதிவேட்டில் இடமில்லை. சிலுவை நடக்கூடாது, சாமியார் வரமாட்டார். வாய்க்கால் ஓரமாக வைத்துவிட்டு வந்துவிடவேண்டும். மண்மேடு ஓர் ஐப்பசி மழையில் சமமாகிவிடும்.

“நீங்க பாத்தீங்களா பெரியம்மா, எங்க வெச்சாங்கன்னு?”

“பெத்த ஒடம்போட வரக்கூடாதுன்னுட்டாங்க. அவருதான் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாரு. திரும்பி வந்ததும் எங்க வெச்சீங்கன்னு கேட்டேன். மூலக்கல்லுலேருந்து வாய்க்காலோரமா ஏழு தப்படி, உள்ள ஒண்ணுன்னாரு. அவ்வளவுதான். அதுக்குமேல நான் கேக்கல, அவரும் சொல்லல.”

அதை அவர் முப்பது வருடமாக மறக்காமல் வைத்திருந்தார்.

அன்று மாலையே அவரைக் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனேன். அவர் முகம் மாறிவிட்டது. “எனக்கு யாரும் சொல்லவே இல்லையேம்மா” என்றார். பிறகு, “பதிவேட்டுல இல்லாதத நான் எப்படிம்மா நிறுத்துறது? வெளிநாட்டுலேருந்து கேக்குறவங்களுக்கும் பதில் சொல்லணும். பேப்பர்ல கொண்டுவாங்க. புதன்கிழம காலைல வண்டி வந்துடும்” என்றார்.

மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்கு நான் போனபோது தங்கம் பெரியம்மா தனியாக இல்லை. எங்கள் தெருப் பெண்கள் ஏழு பேர் அவரோடு நின்றிருந்தார்கள். எல்லோரும் ஐம்பது தாண்டியவர்கள். உளுந்து வேலையை ஒரு நேரம் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். அம்மாவும் டேப் பெட்டியோடு என்னுடன் வந்திருந்தார்.

கல்லறைத் திருநாளில் எங்கள் தெருப் பெண்கள் வாய்க்கால் ஓரமாக மெழுகுவர்த்தி வைப்பார்கள். நடக்க வெளிச்சம் வேண்டுமே என்று வைக்கிறார்கள் என்றுதான் சிறு வயதிலிருந்து நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒவ்வொருவராகத் தோட்டத்தின் மூலைக்கல்லில் முதுகை வைத்து நின்று நடக்க ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் எண் தெரிந்திருந்தது. வாய்க்காலோரமாக இத்தனை தப்படி, பிறகு உள்ளே இத்தனை தப்படி. யாருமே அந்தக் குழியைக் கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. புருஷனோ அண்ணனோ வந்து சொன்ன எண் மட்டும்தான் அவர்களிடம் இருந்தது. ஓரத்திலிருந்து எவ்வளவு, மேலிருந்து எவ்வளவு என்று என் ஃபங்ஷன் கேட்பதும் அந்த இரண்டு எண்ணைத்தான்.

“எங்க வீட்டுக்காரரு நெட்ட. அவரு தப்படி எனக்கு ஒண்ணரை வரும்” என்றார் ஒருவர்.

“எங்கண்ணன் நொண்டி. சின்ன தப்படியாப் போட்டுக்க” என்றார் இன்னொருவர்.

நின்ற இடத்தில் நான் ஒரு குச்சியை நட்டு, டேப்பால் அளந்து, நோட்டில் எழுதினேன். எவ்வளவு நீளம் என்று கேட்டால் முழங்கையை நீட்டிக் காட்டினார்கள். ஒரு முழம். ஒன்றரை முழம். பெரிதாகக் காட்டியவர் யாருமில்லை.

எட்டுப் பேரும் முடித்துவிட்டார்கள். நோட்டை மூடினேன். தங்கம் பெரியம்மா எனக்குப் பின்னால் பார்த்து, “அந்தோணி, நீ ஏன் அங்கயே நிக்கிற? வா” என்றார்.

அந்தோணியம்மாள் என்பது என் அம்மாவின் பெயர்.

அம்மா டேப் பெட்டியை என் கையில் கொடுத்தார். புடவையை முழங்கால் வரை ஏற்றிச் செருகிக்கொண்டு மூலைக்கல்லில் போய் நின்றார். அப்பா ஆறடி உயரம். அம்மா அவர் தப்படிக்குக் காலை அகட்டி வைத்து நடக்கப் பார்த்தார், ஒவ்வொரு தப்படிக்கும் உடம்பு ஆடியது. ஏழாவதில் தடுமாறி, திரும்பப் போய் முதலிலிருந்து ஆரம்பித்தார். பதினொன்றில் நின்றார். பிறகு உள்பக்கமாக இரண்டு.

“இங்க” என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. “அன்னிக்கி டேப்பப் புடிச்சிக்கிட்டு இதே எடத்துலதானேம்மா நின்ன? ஒரு வார்த்த சொல்றதுக்கென்ன?”

“மிதிச்சிடக் கூடாதேன்னு தள்ளித் தள்ளி நின்னேன். நீதான் டேப்பு வளையுது, நேரா நில்லுன்னு சத்தம் போட்ட.”

அம்மாவும் முழங்கையை நீட்டி ஒன்றரை முழம் காட்டினார், நோட்டில் எழுதினேன். ஒன்பதாவது குச்சியை நட்டேன். என் அண்ணன் என்று ஒருவன் இருந்ததை இருபத்தாறு வயதில் அப்படித்தான் தெரிந்துகொண்டேன்.

குருணை அளவு

மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து ஒன்பது எண்களையும் நிரலில் ஏற்றினேன். இந்த முறை அந்த ஐந்தாவது எழுத்தை ஒன்பதுக்கும் கையாலேயே தட்டினேன். அளவில் பிசகு கூடாது என்பது என் வேலையின் முதல் பாடம். ஒன்றரை முழத்தை மீட்டராக்கி, மீட்டரை மில்லிமீட்டராக்கிக் கொடுத்தேன்.

தாள் வெளியே வந்தது. அப்பாவின் கட்டம் பத்து மில்லிமீட்டர் நீளம். குழந்தைகளுடையது இரண்டு, மூன்று. தாளில் குருணை சிந்தியது போல ஒன்பது கறுப்புப் புள்ளிகள்.

அதை எடுத்துக்கொண்டு சைக்கிளில் சாமியாரிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தார். விட்ட பெருமூச்சில் நிம்மதி இருந்தது. அவருக்கு அப்படித் தோன்றியதில் தப்பில்லை.

“நல்லதாப் போச்சும்மா. இவ்வளவு சின்ன எடந்தானே? இத விட்டுட்டு, நடுநடுவுல தள்ளிக் கட்டிக்கலாம். அஞ்சாறு கல்லறையாவது வரும்.”

“பக்கத்துல தோண்டுனா மண்ணு சரியாதா ஃபாதர்? பொக்லைன் அந்தப் புல்லு மேலதானே ஏறி நிக்கும்?”

“பாத்துச் செய்யச் சொல்றேன்” என்றார்.

பார்த்துச் செய்யும் பொக்லைனை நான் இதுவரை கண்டதில்லை. ஆனால் தாளில் இருந்தது நான் வரைந்த அளவு. அந்த அளவைத்தான் அவர் படித்துச் சொன்னார். முதல் தடவை குழந்தைகளை இல்லவே இல்லை என்று ஆக்கினேன். இரண்டாம் தடவை, இருந்தாலும் பரவாயில்லை என்று ஆக்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து தாளை மேசையில் போட்டேன். அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பார்த்தார். தன்னுடையது எது என்று கேட்டார். காட்டினேன். கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்.

“ஏன் இம்மாத்துண்டு?”

“நீ காட்டுன அளவும்மா அது. ஒண்ணரை முழம்.”

“அது அன்னிக்கி.”

புரியாமல் நிமிர்ந்து பார்த்தேன். அம்மாவே சொன்னார்.

“ஒனக்கு ரெண்டு வயசு மூத்தவன். இன்னிக்கி இருந்தா ஒங்கப்பா ஒசரம் வந்திருக்க மாட்டானா? கொஞ்சம் பெருசாப் போடேன்.”

வாழ்க்கையில் அளவு தெரிந்தே தப்பாக நான் ஒரு கட்டம் வரைந்தது அன்றைக்குத்தான். அகலத்தையும் நீளத்தையும் அழித்துவிட்டு அப்பாவின் எண்களைத் தட்டினேன். அண்ணனுக்கு மட்டும் செய்வது நியாயமில்லை என்று ஒன்பதுக்கும் தட்டினேன். அச்சிட்டுப் பார்த்தால், வாய்க்கால் ஓரம் முழுக்க ஒன்பது பெரிய ஆட்கள் படுத்திருந்தார்கள். என்னுடைய பத்து வெள்ளைக் கட்டத்தில் ஒன்றுகூட முழுசாக மிஞ்சவில்லை.

ஒன்பது ஆட்கள்

பொழுது சாய்வதற்குள் மறுபடியும் சாமியார் வீட்டு வாசலில் நின்றேன். இந்தத் தடவை அம்மாவும் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார்.

சாமியார் தாளை வாங்கி, இந்தத் தடவை கண்ணாடியைக் கழற்றாமலே பார்த்தார். “இது அளவாம்மா?” என்றார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். “இல்ல ஃபாதர். மத்தியானம் கொடுத்ததுதான் அளவு. இது அளவு இல்ல. ஆனா அந்தப் பசங்களுக்கு இவ்வளவு எடம் விடணும்னு தோணுது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மாவைப் பார்த்தார். “உங்க பிள்ளை எதும்மா?”

அம்மா தயங்காமல் விரலை வைத்தார். வீட்டில் முந்தின தாளில் நான் காட்டியபோது ஒரே தடவைதான் பார்த்திருந்தார்.

சாமியார் உள்ளே போனார். பொக்லைன்காரருக்கு ஃபோன் செய்து, புதன்கிழமை வேண்டாம் என்று சொல்வது வெளியில் கேட்டது. திரும்பி வந்து, தெற்கே மாமரம் பக்கம் ஆறு இடம் தேறுமா என்று கேட்டார். நாலு தேறும் என்றேன். நாலு போதும், மிச்சப் பேருக்கு நான் கடுதாசி எழுதிக்கொள்கிறேன் என்றார். அந்தத் தாளிலேயே கையெழுத்துப் போட்டு, கோயில் முத்திரையையும் குத்திக் கொடுத்தார். அந்த ஒன்பது பேரைப் பற்றிக் கோயிலில் இருக்கும் ஒரே எழுத்து அதுதான்.

வெளிநாட்டிலிருந்து யாராவது சண்டைக்கு வருவார்கள் என்று பயந்துகொண்டிருந்தேன். ஒருவர் மட்டும் சிங்கப்பூரிலிருந்து கோபமாக எழுதியதாகச் சாமியார் பின்னால் சொன்னார். அவருடைய அம்மாவும் அன்று மூலைக்கல்லில் முதுகை வைத்து நடந்தவர்தான் என்று தெரிந்ததும் அதன் பிறகு கடிதம் வரவில்லையாம்.

அடுத்த ஞாயிறு புதுத் தாளைக் கதவில் ஒட்டினேன். திருப்பலி முடிந்து எல்லோரும் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். என் விசா வந்துவிட்டிருந்தது, பத்து நாளில் கிளம்பவேண்டும். அம்மா கதவருகில் அந்தத் தாளைப் பார்த்தபடி நின்றிருந்தார். மடத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருந்த சிஸ்டர் ஒருவர் சிரித்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். எந்தத் தெரு, வீட்டுக்காரர் என்ன செய்தார் என்றெல்லாம் விசாரித்துவிட்டு, “உங்களுக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?” என்று கேட்டார்.

“ரெண்டு சிஸ்டர்” என்றார் அம்மா. “மூத்தவன் இங்கயே இருக்கான். சின்னவ அமெரிக்கா போறா.”